டிரக்கியாஸ்டமி கட்டிலில் டியூட்டி ஏற்கும்போது

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஐசியூவில் புதுசா சேர்ந்திருக்கிற சிஸ்டர்மாருக்கு. டிரக்கியாஸ்டமின்னா கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழலில் டியூப் வைப்பது.

மானிட்டரைப் பார்க்கும் முன்னாடி தலைமாட்டைப் பாருங்க: அதே அளவு டியூப் ஒண்ணு, ஒரு சைஸ் சின்னது ஒண்ணு, டைலேட்டர் (துளையை விரிக்கும் கருவி), 10 மில்லி சிரிஞ்ச், ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை), ஓடுற சக்‌ஷன்.

சளி உறிஞ்சும் கதீட்டர் (குழாய்) கணக்கு: டியூப் அளவில் 2 கழித்து இரண்டால் பெருக்கணும். 8-க்கு 12 பிரெஞ்ச் (கதீட்டர் தடிமன் அளவு). பெருசு போட்டா காற்றையும் சேர்த்து உறிஞ்சி ஆக்சிஜன் இறங்கும். ஒரு தடவை உறிஞ்சுவது 10–15 விநாடிக்கு மேல் வேண்டாம்.

கஃப் (டியூபைச் சுற்றியிருக்கிற காற்றுப்பை) அழுத்தம் 20–30 செ.மீ. நீர். விரலால் அமுக்கிப் பார்ப்பதெல்லாம் அளவே இல்லை, மானோமீட்டர் வேணும்.

முதல் வாரத்தில் டியூப் கழன்றால் குருட்டாம்போக்கில் திருப்பிச் செருகாதீங்க; பாதை இன்னும் உறுதிப்படாததால் மூச்சுக்குழலை விட்டுச் சதைக்குள் போயிடும். டாக்டரைக் கூப்பிட்டுட்டு, துளையை மூடி, வாய்வழி ஆம்பு கொடுங்க. குரல்வளையை எடுத்தவருக்கு மட்டும் இது பலிக்காது, அங்கே துளை வழியேதான். அதனால கட்டில் தலைமாட்டில் எந்த வகைன்னு எழுதி ஒட்டியிருக்கணும்.