ஞானப்பல் எடுக்க எந்த மயக்கம் போதும்?

ஞானப்பல்லை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, வலிக்குமா என்பது. அடுத்த கேள்வி, முழு மயக்கம் கொடுத்து எடுத்துவிடக் கூடாதா என்பது. எனக்கு அம்பத்தூரில் அந்த இடத்தை மரக்கச் செய்யும் ஊசி மட்டும் போட்டுக் கீழ்த்தாடைப் பல்லை எடுத்தார்கள். என் அக்கா மகளுக்குச் சோழிங்கநல்லூர்ப் பக்கம் 'செடேஷன்' எனும் அரைமயக்கம் கொடுத்து எடுத்தார்கள். ஒன்றைப் பட்டும் மற்றொன்றைப் பக்கத்திலிருந்து பார்த்தும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்: பெரும்பாலான ஞானப்பற்களுக்கு ஊசியே போதும். ஆனாலும் பயப்படுகிறவரை அதட்டி நாற்காலியில் உட்கார வைப்பதும் முறையல்ல, ஏனெனில் பயமும் மருத்துவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய காரணம்தான்.

ஊசி என்றாலும் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் அது ஒன்றாக இருப்பதில்லை. மேல்தாடை எலும்பு மெல்லியது என்பதால், பல்லின் வேருக்கு அருகே ஈறில் செலுத்தும் மருந்து எலும்பினுள் ஊறிச் சென்று நரம்பை எட்டிவிடுகிறது. கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்போ மிகவும் கெட்டியானது. மருந்து அதை ஊடுருவாது. ஆகவே வாயை அகலத் திறக்கச் சொல்லி, தாடையின் உட்புறத்தில் நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்தின் அருகே ஊசியை ஆழமாகச் செலுத்துகிறார்கள். மருத்துவர்கள் 'பிளாக்' என்று சொல்வது இதைத்தான். சிறிது நேரத்தில் அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்களும், கீழுதட்டில் பாதியும், பெரும்பாலும் நாக்கில் பாதியும் மரத்துப்போகும். கன்னத்தை ஒட்டிய ஈறுக்கு வேறொரு நரம்பு செல்வதால் அங்கே தனியாக ஓர் ஊசி போடுவார்கள். முதல் ஊசி பலிக்கவில்லை போலும் என்று அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இதற்கு அதிகம் பயன்படுவது, ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து. அதனுடன் மிகச் சிறிய அளவில் அட்ரினலின் கலந்திருக்கும். அது இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் மருந்து அங்கேயே தங்கி நீண்ட நேரம் வேலை செய்யும், இரத்தக் கசிவும் குறையும். ஊசி போட்டவுடன் சிலருக்கு நெஞ்சு படபடப்பதற்கு இந்த அட்ரினலினும் ஒரு காரணம். சற்று நேரத்தில் அது அடங்கிவிடும். இதய நோய் உள்ளவர்களும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஊசி வலியை நிறுத்தும், அழுத்தத்தை நிறுத்தாது. இதை யாராவது முன்பே விளக்கிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். "உதடு தடிச்சுப்போன மாதிரி இருக்கா?" என்று கேட்டு, கூரிய கருவியால் ஈறைக் குத்திப் பார்த்த பிறகே என் மருத்துவர் வேலையைத் தொடங்கினார். பல்லை இரண்டாக அறுக்கும் டிரில் சத்தம் மண்டைக்குள் ஒலித்தது; நெம்பியபோது தாடையையே யாரோ பிடித்துத் தள்ளுவதைப்போல் இருந்தது; ஆனால் வலி இல்லை. சுருக்கென்று குத்தினால் இடது கையை உயர்த்தச் சொல்லியிருந்தார். உயர்த்தினால் நிறுத்தி மேலும் மருந்து போடுவார்கள். ஈறு வீங்கிச் சீழ் வைத்திருக்கும்போது அந்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுவதால் மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. வீக்கம் வடியட்டும், பிறகு எடுக்கலாம் என்று மருத்துவர் தள்ளிப்போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்கா மகளுக்கு ஊசியைப் பார்த்தாலே கை கால் நடுங்கும். கீழே இரண்டு பக்கமும் ஞானப்பற்கள் படுத்தவாக்கில் புதைந்திருந்தன. மயக்க மருத்துவர் வந்து, கையில் இரத்தக் குழாயில் போட்ட ஊசி வழியாக, பதற்றத்தைத் தணிக்கும் மிடசோலம் என்ற மருந்தைக் கொடுத்தார். இது தூக்கமன்று. வாயைத் திற என்றால் திறந்தாள், கேட்டதற்குத் தலையசைத்தாள். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவைக் காட்டிக்கொண்டே இருந்தது. வலிக்காமல் இருப்பதற்கு அவளுக்கும் ஈறில் அதே லிக்னோகெய்ன் ஊசிதான் போட்டார்கள். ஆனால் மிடசோலத்தின் விளைவால் அது அவள் நினைவிலேயே இல்லை. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு காரில் திரும்பும்போது, "எப்ப மாமா ஆரம்பிப்பாங்க?" என்று துரைப்பாக்கம் தாண்டும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் துணைக்கு ஒருவரைக் கட்டாயம் அழைத்துச் செல்ல வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டவோ கையெழுத்துப் போடவோ கூடாது.

மூக்கில் முகமூடி வைத்துக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு, இதைவிட லேசானது. நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும். அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் 1844 டிசம்பரில் இதைச் சுவாசித்துத் தன் சொந்தப் பல்லையே பிடுங்கச் செய்து சோதித்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. சளி பிடித்து மூக்கடைத்திருக்கும்போது மட்டும் இது உதவாது.

முழு மயக்கம் என்பது அறுவை அரங்கில் மூக்கு வழியாகக் குழாய் செலுத்திச் செய்வது. நான்கு பற்களும் ஆழத்தில் புதைந்திருப்பது, தாடைக்குள் பெரிய கட்டி இருப்பது, நாற்காலியில் ஒத்துழைக்கவே இயலாத நிலை போன்றவற்றுக்கு அது தேவைப்படலாம். இரத்தப் பரிசோதனை, ஈசிஜி என்று ஏற்பாடுகளும் செலவும் கூடும். உணவுக்குப் பின் 6 மணி நேரமும், வெறும் தண்ணீருக்குப் பின் 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும். பால் கலந்த காபி இங்கே உணவுக் கணக்கில்தான் வரும். "காபிதானே குடித்தேன்" என்று சொன்னால் அறுவை தள்ளிப்போகும். முழு மயக்கத்தில் எடுத்தால் நரம்புக்கு ஆபத்து இருக்காது என்று சிலர் நம்புகிறார்கள். அது மயக்கத்தின் வகையைப் பொறுத்ததன்று. கீழ்த்தாடை நரம்புக்கு வேர் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதையே பெரிதும் பொறுத்தது. எனவே, சென்னைக் கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும், இரண்டு தாடைகளையும் ஒருசேரக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகு மயக்கத்தைப் பற்றிப் பேசுவதே நல்லது.

ஊசி போட்டு எடுத்தவர்களுக்கு மரப்பு பெரும்பாலும் 3 முதல் 5 மணி நேரம் இருக்கும். அதுவரை சூடான ரசமும் காபியும் வேண்டாம். உதட்டைக் கடித்துக்கொண்டாலும் சுட்டுக்கொண்டாலும் தெரியாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை, மரப்பு முழுவதும் விலகும் முன்பே போட்டுக்கொள்ளலாமா என்று கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாளும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தால், அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிராமல் அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட வேண்டும்.