ஒற்றைக் கையில் வேகம்: ஓர் அசைவுக்கு இரண்டு அடி

பெரம்பூர், ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் டிரம்ஸ் வாசிக்கும் எங்களில் பலருக்குக் கோயில் பாடற்குழுவோ கல்யாணக் கச்சேரியோதான் முதல் மேடை. இரண்டு மேடைகளிலும் மெதுவான பாடல்களே வலது கையை அதிகம் சோதிக்கின்றன. நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் போகும் பாடலில், ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு அடிகளை வலது கை மட்டுமே ஹை-ஹாட்டில் (கால் மிதியால் மூடித் திறக்கும் இரட்டை உலோகத் தகட்டில்) விடாமல் தர வேண்டியிருக்கும். அது நொடிக்கு 6 அடி. வேகம் 120 ஆனால் நொடிக்கு 8 அடி. இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் வேலை எளிதாகும் என்பது உண்மைதான். ஆனால் வலது கை ஸ்நேர் டிரம்முக்குப் போய்வரும் கணத்தில் ஹை-ஹாட்டில் ஓர் அடி காணாமல் போய்விடும். மெல்லிசைப் பாடலில் அந்த இடைவெளி நன்றாகவே காதில் விழும்.

நொடிக்கு எட்டு முறை மணிக்கட்டைத் தூக்கி இறக்க முயன்றால், பல்லவி முடிவதற்குள் முன்கை இறுகிவிடும். பலத்தைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல. அசைவுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்குவதே வழி என்பது என் உறுதியான கருத்து. மணிக்கட்டு இறங்கும்போது ஓர் அடி, ஏறும்போது இன்னோர் அடி என்று அமைத்துக்கொண்டால், எட்டு அடிக்குக் கை நான்கு முறை போய்வந்தால் போதும். இதைத்தான் டிரம்ஸ்காரர்கள் புஷ்-புல் என்கிறார்கள்: இறங்கும் அடி தள்ளும் அடி, ஏறும் அடி இழுக்கும் அடி. சான்ஃபோர்ட் மோலர் 1925-இல் நூலாக்கிய சாட்டை வீச்சு முறையும், பில்லி கிளாட்ஸ்டோனின் விரல் முறையும் இதற்கு நெருங்கிய உறவுக்காரர்கள். ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் பட்டி ரிச் இடது கையால் மட்டும் ரோல் (இடைவெளி தெரியாத தொடர் அடி) வாசித்துக் காட்டியதும், இன்னொரு ஜாஸ் கலைஞரான ஜோ மொரெல்லோவின் இடது கை பேர் பெற்றதும், தசை வலிமையால் அல்ல, குச்சி தானாகத் துள்ளி எழுவதைக் கெடுக்காமல் வாங்கிக்கொள்ளத் தெரிந்ததால்தான்.

முதலில் குச்சியைப் பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 5ஏ அளவுக் குச்சி ஏறத்தாழ 16 அங்குல நீளம் இருக்கும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் முதல் மடிப்புக்கும் நடுவே அதைத் தளர்வாக வைத்து, பயிற்சிக்கான ரப்பர் பேடின் மேல் ஒரு முறை விழவிட்டு, அது எத்தனை முறை துள்ளுகிறது என்று கேளுங்கள். பிடியைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி இதைத் திரும்பச் செய்தால், ஏதோ ஓரிடத்தில் துள்ளல் மிக நீளமாக வரும். அந்த இடம் பெரும்பாலும் அடிப்பகுதியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அமையும். அங்கேதான் பிடி.

இனி அசைவைப் பார்ப்போம். முதல் அடிக்கு மணிக்கட்டு தாழ்கிறது. நடுவிரலும் மோதிரவிரலும் சுண்டுவிரலும் திறந்து, குச்சியின் பின்பகுதியை உள்ளங்கையிலிருந்து விடுகின்றன. நுனி பேடில் பட்டு மேலே எழுகிறது. அது முழுவதும் எழுந்து முடியும் முன்பே, அந்த மூன்று விரல்களும் பின்பகுதியைச் சட்டென்று உள்ளங்கைக்குள் இழுத்துக்கொள்ள, அதே நேரத்தில் மணிக்கட்டு மேலேறுகிறது. நுனி இரண்டாவது முறை விழுகிறது. இரண்டாவது அடி முதலில் முனகலாகத்தான் வரும். இதில் அவசரப்படக் கூடாது. தட்டு வேகத்தைக் காட்டும் கருவியான மெட்ரோனோமை 60-இல் வைத்து, தட்டுக்கு இரண்டு அடி மட்டும் வாசித்து, இரண்டும் ஒரே அளவில் கேட்கும் வரை அங்கேயே இருப்பதுதான், பிறகு 120-இல் கிடைக்கும் சீருக்கு அடித்தளம்.

இரண்டாவது அடியை வலுப்படுத்த தாளச் சொற்களை வாயால் சொல்லும் நம் கொன்னக்கோலைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியவில்லை. ‘தகதிமி’ என்று சொல்லி வாசித்தால் அழுத்தம் எப்போதும் தள்ளும் அடியிலேயே விழும்; கைக்கு அது சுகம். ஆனால் ‘தகிட தகிட’ என்று சொல்லி, ஒவ்வொரு ‘த’வுக்கும் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். முதல் ‘த’ தள்ளும் அடியில் விழுந்தால், அடுத்த ‘த’ இழுக்கும் அடியில் விழும். மூன்று ஒற்றைப்படை என்பதால் அழுத்தம் தானாகவே இடம் மாறிக்கொண்டே இருக்கும், சோம்பிக் கிடக்கும் விரல்களுக்குத் தப்ப வழியே இருக்காது. அது பழகிய பின் ‘தகதகிட’ என்று ஐந்துக்குப் போகலாம். வாயால் உரக்கச் சொல்லிக்கொண்டே வாசிப்பது அவசியம். சொல் தடுமாறினால் கையும் தடுமாறியிருக்கிறது என்று பொருள்.

எங்கள் பகுதியில் ஊர்வலங்களில் பறையடிப்பவர்களின் இடது கையைக் கவனித்தவர்களுக்கு இந்த விரல் வேலை புதிதாகத் தோன்றாது. வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. இடது கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சிம்புக்குச்சி. அந்த இடது கை பறையின் விளிம்பை ஒட்டியே நிற்கும், முழங்கை ஏறக்குறைய அசையாது, சிம்பு மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் நடந்துகொண்டே அப்படி அடிக்கும் அந்தக் கலைஞர்களை எந்த டிரம்ஸ் மாணவரும் ஆசிரியராக ஏற்கலாம் என்பேன்.

விளிம்பையே துணையாகக் கொள்ளும் முறை ஒன்று டிரம்ஸிலும் உண்டு. டிரம்ஸ் கலைஞர் ஜானி ராப் பரவலாக்கிய ஃப்ரீஹேண்ட் முறையில் குச்சியின் நடுப்பகுதி ஸ்நேரின் ரிம்மில், அதாவது விளிம்பு வளையத்தில், பட்டுப் புரளும். கை தாழும்போது நுனி தோலில் ஒரு முறை அடிக்கும். கை ஏறும்போது ரிம்மை மையமாகக் கொண்டு நுனி மீண்டும் சாய்ந்து இன்னொரு முறை அடிக்கும். மெட்டல் இசையின் அதிவேக அடிகளுக்கு இது மிகவும் பயன்படுகிறது. ஆனால் ஹை-ஹாட்டுக்கு இது ஒத்துவராது, ஒலியும் சற்றுக் கரடாகவே இருக்கும். ஆகவே இதைப் புஷ்-புல்லுக்குப் பிறகு கற்பதே நல்லது.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் முழு செட்டை வைத்து வாசிக்க முடியாது என்பதால் பேடுதான் நமக்குத் துணை. தலையணையில் அடித்துப் பழகச் சொல்பவர்கள் உண்டு. மணிக்கட்டை வலுவாக்க அது உதவலாம், ஆனால் துள்ளலே இல்லாத பரப்பில் துள்ளலை வாங்கக் கற்க முடியாது. அக்னி நட்சத்திர நாள்களில் வியர்வையால் குச்சி வழுக்கும்போது கை தன்னை அறியாமல் இறுகும், துடைத்துவிட்டுத் தொடருங்கள். முன்கையில் எரிச்சலோ மணிக்கட்டில் குத்தலோ வந்தால் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

பேடில் சீரான பிறகு ஹை-ஹாட்டுக்குப் போகும்போது, மூடிய தகடுகளின் மேற்பரப்பில் நுனியால் மட்டும் வாசிக்கத் தொடங்குங்கள். அங்கே துள்ளல் பேடைவிடக் குறைவு என்பதால் வேகத்தைப் பத்துப் பதினைந்து தட்டு இறக்கிக்கொள்வது நல்லது. இடது காலின் அழுத்தத்தை இலேசாகத் தளர்த்தினால் இரண்டாவது அடியும் தெளிவாகக் கேட்கும்.