அட்டி: ஓர் அடுக்கு மொழியின் நாட்குறிப்பு

பிப்ரவரி 2, 2025, ஈரோடு

இரண்டு ஆண்டுகளாக மனத்தில் கிடந்த கணினி நிரல்மொழியை இன்று எழுதத் தொடங்கிவிட்டேன். அதற்கு 'அட்டி' என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து மஞ்சள் கிடங்குகளில் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைப்பதை அட்டி போடுதல் என்பார்கள். கடைசியாக ஏறிய மூட்டைதான் முதலில் இறங்கும், அடியில் கிடப்பதை உருவ முடியாது. என் மொழியில் மதிப்புகள் தங்குவதற்கு அப்படிப்பட்ட ஓர் இடம் மட்டுமே உண்டு; கணினித் துறையில் அதை அடுக்கு என்பார்கள். மதிப்புக்குப் பெயரிட்டு வைக்கும் மாறிகள் இல்லை, கணக்கில் அடைப்புக்குறியும் இல்லை. எண் வந்தால் அது அட்டியின் மேல் ஏறும். சொல் வந்தால் அது தனக்கு வேண்டியவற்றை மேலிருந்து இறக்கிக்கொண்டு, விடையை மீண்டும் மேலே ஏற்றும்.

12 65 பெருக்கு 12 கழி

பன்னிரண்டு மூட்டை, மூட்டைக்கு 65 கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ வீதம் கழித்தால் 768 என்ற எண் உச்சியில் நிற்கும். பத்தில் ஐந்தைக் கழி, பத்தை ஐந்தால் வகு என்று, பொருள்களை முதலில் சொல்லி வினையைக் கடைசியில் வைப்பது நம் பேச்சு வழக்கு. பின்னொட்டுக் குறியீடு என்று கணினிப் பாடநூல்கள் தனியே கற்பிப்பதும் இதே வரிசையைத்தான். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்ற சொல் பின்னும் வருவதைக் கண்ட நாளில், வினை எல்லா இடங்களிலும் இறுதியிலேயே வரும் ஒரு மொழியைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பிறந்தது.

பிப்ரவரி 4, 2025

இந்த மரபின் வேரைத் தேடிப் போனால் பொறியாளர்களுக்கு முன்பாகத் தருக்கவியலாரும் மெய்யியலாரும் நிற்கிறார்கள். போலந்து நாட்டு யான் லுகாசியேவிச் 1920-களில் அடைப்புக்குறி தேவைப்படாத குறியீட்டை வகுத்தார். அதில் வினை முன்னே வரும். வினையைப் பின்னுக்குக் கொண்டுபோய், அடுக்கோடு இணைத்து, அதைக் கணினிக்குப் பொருத்தியவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய மெய்யியலாளர் சார்லஸ் ஹாம்ப்ளின். அவர் அதைச் செய்தது 1950-களில். சார்லஸ் மூர் தாம் உருவாக்கிய ஃபோர்த் மொழியைக் கொண்டு 1970-களின் தொடக்கத்தில் வானொலித் தொலைநோக்கியை இயக்கினார். 1984-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் இதே குடும்பம். அதன் வழிவந்த பிடிஎஃப் கோப்பின் உட்புறத்தைப் பிரித்துப் பார்த்தால் இன்றும் எண்கள் முன்னும் கட்டளை பின்னுமாகவே இருக்கும்.

ஆனால் ஃபோர்த் நினைவகத்தின் இடங்களை நேரடியாகத் திருத்தி எழுத விடுகிறது. நான் பின்பற்ற விரும்புவது ஜாய் மொழியை. மெல்போர்னில் உள்ள லா ட்ரோப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறையில் இருந்த மான்ஃபிரெட் ஃபான் தூன் அதை உருவாக்கினார். அடுக்கு மொழியைத் தூய சார்புகளின், அதாவது ஒன்றை வாங்கி வேறொன்றைத் தருவதைத் தவிர எதையும் மாற்றாதவற்றின், மொழியாகவே பார்க்கலாம் என்று அவர் காட்டினார். ஒவ்வொரு சொல்லும் ஓர் அட்டியை வாங்கி வேறோர் அட்டியைத் தரும் சார்பு. 12 என்ற எண்கூட ஒரு சார்புதான்: எந்த அட்டியைக் கொடுத்தாலும் அதன்மேல் 12-ஐ ஏற்றித் திருப்பித் தரும். இரண்டு சொற்களை அடுத்தடுத்து எழுதுவதன் பொருள், ஒன்றின் விடையை மற்றொன்றிடம் சேர்த்து இரண்டையும் ஒரே சார்பாக இணைப்பது.

பிப்ரவரி 9, 2025

இன்று ஞாயிறு, நாள் முழுவதும் கிடைத்தது.

மஞ்சளை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, மூட்டை பிடித்து அனுப்பு என்று ஒருவரிடம் சொல்கிறோம். மஞ்சள் என்ற பெயர் ஒருமுறைதான் வருகிறது. வெந்த மஞ்சளுக்கு ஒரு பெயர், உலர்ந்ததற்கு வேறொரு பெயர் என்று இடையில் யாரும் சூட்டுவதில்லை. ஒரு வினையெச்சம் முடித்து வைத்த பொருளை அடுத்த வினையெச்சம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. அட்டியில் எழுதும் நிரலும் இத்தகைய வினையெச்சத் தொடர்தான். அந்தத் தொடரைச் சதுர அடைப்புக்குறிக்கு வெளியே எந்த இடைவெளியில் வெட்டினாலும் இரு பாதிகளும் முழுமையான நிரல்களாகவே இருக்கும். எந்தத் துண்டையும் எடுத்து ஒரு பெயரிட்டு வேறிடத்தில் பயன்படுத்தலாம்.

[ நகல் பெருக்கு ] "வர்க்கம்" பெயரிடு

'நகல்' உச்சி மதிப்பைப் படியெடுத்து மேலே ஏற்றும்; 'மாற்று' மேலிருக்கும் இரண்டை இடம் மாற்றும். இதன் பிறகு '7 வர்க்கம்' என்றால் 49. மாறிகள் இல்லாததால் சொல்லுக்குப் பதில் அதன் பொருளை அப்படியே வைத்து நிரலைச் சுருக்கவும் முடியும்: 'மாற்று மாற்று' என்பது ஒன்றுமே செய்யாததற்குச் சமம், 'நகல் மாற்று' என்பது 'நகல்' மட்டுமே. பள்ளியில் இயற்கணிதம் செய்த அதே மனநிறைவு எனக்கு இதில் கிடைக்கிறது.

சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் 'பொதி' என்கிறேன். பொதிக்குள் கட்டிய சொற்கள் இயங்குவதில்லை. பொதி மட்டும் ஒரு மூட்டையைப் போல மேலே ஏறிக் காத்திருக்கும். 'பிரி' என்ற சொல் வந்தால்தான் அதைக் கட்டவிழ்த்து இயக்கும். 'தூக்கு' என்ற சொல் உச்சியில் உள்ள பொதியை எடுத்துக்கொண்டு, அதற்கு அடுத்த மூட்டையைச் சற்று நேரம் தூக்கி வைத்து, கீழே வேலையை முடித்தபின் அந்த மூட்டையை மீண்டும் மேலே வைக்கும். '1 2 10 [ கூட்டு ] தூக்கு' என்றால் 3-உம் அதன்மேல் 10-உம் இருக்கும்.

ஒரு குறையை மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும். தமிழில் 'ஐந்தைப் பத்தில் கழி' என்று மாற்றிச் சொன்னாலும் பொருள் கெடுவதில்லை, ஏனென்றால் வேற்றுமை உருபுகள் காவல் நிற்கின்றன. அட்டியில் உருபுகள் இல்லை. மூட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதே அதன் வேற்றுமை. அதனால்தான் 'மாற்று' போன்ற சொற்கள் தேவைப்படுகின்றன. ஒரு சொல்லுக்குள் மூன்று மதிப்புகளுக்கு மேல் கையாள நேர்ந்தால் அதை இரண்டு சொற்களாகப் பிரித்துவிடுவது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 11, 2025

'தொகு' என்ற சொல்லை வரையறுத்துவிட்டு, கைப்பேசியில் எழுதிய கோப்பை இயக்கினால், 'தொகு என்ற சொல் தெரியவில்லை' என்று நின்றது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பைட்டுகளை எண்ணிப் பார்த்தேன்: ஒன்றில் 12, மற்றொன்றில் 15. எழுத்துக்கோ குறிக்கோ யூனிகோடு தரம் தரும் எண்ணைக் குறியெண் என்பார்கள்; அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டுகள் எடுக்கும். 'ொ' என்ற குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். யூனிகோடு தரப்படி இரண்டும் சமம், ஆனால் பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் என் அகராதிக்கு அவை வேறு வேறு சொற்கள். தமிழில் இவ்வாறு இருவகையாக எழுதக்கூடியவை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் 'ஔ' என்ற எழுத்தும் ஆகிய நான்கே. கோப்பைப் படிக்கும்போதே இந்த நான்கையும் ஒற்றைக் குறியெண்ணாகச் சேர்த்துவிடுகிறேன்.

முன்பு பைத்தானில் எழுதிய மாதிரியில், எழுத்தா இல்லையா என்று சோதிக்கும் வசதி புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தல்ல என்று தள்ளியது. ஆகவே அந்தச் சோதனையையே விட்டுவிட்டேன். இடைவெளி, அடைப்புக்குறி, மேற்கோள்குறி தவிர எல்லாம் சொல்லின் பகுதி.

பிப்ரவரி 16, 2025

அட்டி நிரல்களைப் படித்து இயக்கும் இயக்கியைச் சி மொழியில் எழுதி முடித்தேன். ஏறத்தாழ 600 வரிகள்.

அட்டியை அடுத்தடுத்த நினைவக இடங்களில் அமையும் அணியாக வைக்காமல் சங்கிலிப் பட்டியலாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கண்ணியும் ஒரு மதிப்பையும் தனக்குக் கீழே உள்ள கண்ணியையும் சுட்டும்; ஒருமுறை உருவான கண்ணி பிறகு மாறுவதே இல்லை. இதனால் வேகம் சற்றுக் குறைகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு நிபந்தனையைச் சோதித்துவிட்டு, சோதனைக்கு முன்பிருந்த அட்டிக்குத் திரும்ப வேண்டுமானால் பழைய உச்சியின் முகவரியை நினைவில் வைத்திருந்தாலே போதும். எதையும் படியெடுக்க வேண்டியதில்லை. மாறாத கண்ணிகளுக்குள் வளையம் உருவாகவும் வழியில்லை. ஆகவே பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்புக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒவ்வொரு கண்ணியையும் எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, எண்ணிக்கை சுழியானதும் விடுவித்தால் போதுமானது.

அட்டிக்குப் பக்கத்தில் 'பணி' என்று இரண்டாவது பட்டியல் ஒன்று உண்டு. இன்னும் செய்யாத சொற்கள் அதில் இருக்கும். 'பிரி' வந்தால் பொதியின் உள்ளடக்கம் பணியின் முன்னால் சேரும். 'தூக்கு' வந்தால் பொதியின் உள்ளடக்கமும், அதற்குப் பின்னால் தூக்கிய மதிப்பும் சேரும். அந்த மதிப்பின் முறை வரும்போது அது தானே அட்டியில் ஏறிவிடும். முதலில் சொற்களைப் படியெடுத்துச் சேர்த்தேன், அது வீண்செலவு. இப்போது ஒவ்வொரு பொதியிலும் எந்த இடத்தில் நிற்கிறோம் என்ற அடையாளத்தை மட்டும் வைக்கிறேன். பொதியின் கடைசிச் சொல்லை எடுத்தவுடன், அதை இயக்குவதற்கு முன்பே, அந்த அடையாளத்தை நீக்கிவிட வேண்டும்; அப்போதுதான் தன்னைத் தானே இறுதியில் அழைக்கும் சொல் எவ்வளவு நேரம் சுற்றினாலும் பணிப் பட்டியல் வளராது.

பிப்ரவரி 22, 2025

[ 0 சமமா ] [ விடு 1 ] [ நகல் 1 கழி ] [ பெருக்கு ] மீள்

ஓர் எண்ணிலிருந்து 1 வரை எல்லா எண்களையும் பெருக்கும் தொடர்பெருக்கம் இது. 'விடு' உச்சி மதிப்பை எறிந்துவிடும். நான்கு பொதிகள்: எப்போது நிற்பது, நிற்கும்போது என்ன செய்வது, இறங்கும்போது என்ன செய்வது, திரும்பி ஏறும்போது என்ன செய்வது. சொல்லுக்குப் பெயரே இல்லாமல் மீளழைப்பு, அதாவது தன்னைத் தானே அழைப்பது, நடக்கிறது. ஜாய் மொழியிலிருந்து கற்ற இந்த அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். 20-ஐ வைத்து இயக்கினால் தொடர்பெருக்கம் 2432902008176640000 என்று சரியாக வந்தது. 21-க்கு 64 பிட்டுகள் போதா. அங்கே தவறான விடை தராமல் பிழை சொல்லி நிற்கும்படி செய்துவிட்டேன்.

மாலையில் பத்து இலட்சம் எண்களை ஏற்றிவிட்டு அட்டியை ஒரேயடியாகக் காலி செய்தபோது இயக்கி விழுந்தது. ஒரு கண்ணியை விடுவிக்கும் செயற்கூறு அடுத்த கண்ணியை விடுவிக்கத் தன்னையே அழைத்துக்கொண்டிருந்ததால், சி மொழியின் சொந்த அடுக்கு நிரம்பிவிட்டது. தன்னை அழைக்காமல் அதே வரிகளையே திரும்பத் திரும்பச் செய்யும் மடக்காக அதை மாற்றி எழுதியதும் சரியாயிற்று.

மார்ச் 2, 2025

அக்கா மகள் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்தாள். வணிகவியல் படிக்கிறாள், நிரல் எழுதிப் பழக்கமில்லை. எடை குறைந்த மூட்டைகளைப் பிரித்தெடுக்கச் சொன்னேன். முதலில் பொதி கட்டாமல் எழுதினாள். 'குறைவா: இரண்டு எண்கள் வேண்டும்' என்று இயக்கி நின்றது. "எது எண்ணில்லைன்னு சொல்லவே இல்லீங்களே மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பிழை வரும்போது அட்டியின் உச்சியில் உள்ள மூன்று மதிப்புகளையும் அச்சிட்டு, பொருந்தாததைச் சுட்டிக்காட்டும்படி அப்போதே மாற்றினேன். அதைப் பார்த்தவள் தானே திருத்தினாள்:

[ 64 65 61 66 ] [ 65 குறைவா ] சலி

[ 64 61 ] என்று வந்தது. பிறகு என் முதல் நாள் வரியைப் படித்துவிட்டு, சாக்கு ஒரு கிலோ இருக்காது, 900 கிராம்தான் என்றாள். அட்டியில் இன்னும் தசம எண்கள் இல்லை. கிராமாகவே வைத்துக்கொள், கண்ணு, என்றேன். அவளே எழுதினாள், 769200 வந்தது:

12 65000 பெருக்கு 12 900 பெருக்கு கழி