விழும் எண்டு தெரிஞ்ச பங்கையும் ஷோர்ட் அடிக்காதீங்க

ஒரு கொம்பனி உதவாதது எண்டு கண்டுபிடிக்கிறது வேற, அந்தக் கொம்பனிட பங்கை ஷோர்ட் அடிச்சுக் காசு பாக்கிறது வேற. டுபாய், கட்டார் எண்டு வேலைக்குப் போன நம்ம திருகோணமலைப் பெடியள் கொஞ்சப்பேர் இப்ப அங்கயே கணக்குத் திறந்து அமெரிக்கப் பங்கு வாங்கி விக்கிறாங்க, லீவுக்கு வந்து டச்பே கடற்கரையில குந்தியிருந்தாலும் கதை இதுதான். என்ட மச்சானும் அப்பிடித்தான். ஒரு டொலருக்குக் கிட்ட நிக்கிற ஏதோ ஏஐ கொம்பனி ஒண்டக் காட்டி, "இதுக்கு வருமானமே இல்ல மச்சான், பேர மட்டும் மாத்தி வச்சிருக்கிறாங்க, அடிச்சா காசு நிச்சயம்" எண்டான். கணக்கறிக்கையப் பாத்தன், கொம்பனியப் பத்தி அவன் சொன்னது முழுக்கச் சரி. ஆனாலும் அடிக்காத எண்டுதான் சொன்னன்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். பக்கத்து வீட்டு அக்காட பவுண் சங்கிலிய இரவல் வாங்கி இண்டைய விலைக்கு வித்துப்போட்டு, பவுண் இறங்கினதும் அதே மாதிரி ஒண்ட வாங்கித் திருப்பிக் குடுத்தா இடையில உள்ள காசு உங்களுக்கு. ஷோர்ட் எண்டா இதுதான். ஆனா அக்கா நாளைக்கே கலியாண வீட்டுக்குப் போகோணும், சங்கிலியக் கொண்டா எண்டு கேட்டா, விலை எங்க நிண்டாலும் வாங்கிக் குடுத்தே ஆகோணும்.

இப்ப கணக்கப் பாருங்க. 1 டொலர் பங்கு 1000 அடிச்சா, கொம்பனி அடியோட அழிஞ்சாலும் ஆகக்கூடின லாபம் 1000 டொலர். 4 டொலருக்கு ஏறினா நட்டம் 3000, அதுக்கு மேல எல்லையே இல்ல. அமெரிக்காவில புரோக்கர்மாரக் கண்காணிக்கிற ஃபின்ரா எண்ட அமைப்பின்ட விதிப்படி 5 டொலருக்குக் கீழ உள்ள பங்க ஷோர்ட்ல வச்சிருக்க, பங்குக்கு 2.50 டொலர் இல்லாட்டி அந்தப் பங்கின்ட முழு விலை, இதில எது கூடவோ அந்தளவு உங்கட காசு கணக்கில நிக்கோணும். அப்ப 1000 டொலருக்கு ஆசைப்பட்டு 2500 டொலர முடக்கி வைக்கிறீங்க. இரவல் வட்டி வேற. எல்லாரும் அடிக்கத் தேடுற சின்னப் பங்குக்கு வருச வட்டி 100 வீதத்தத் தாண்டுறது புதினமில்ல, அதுவும் அண்டண்டைய விலைக்குத்தான் போடுவாங்க, பங்கு மூண்டு மடங்கு ஏறினா அதே வீதத்தில வட்டிக் காசும் மூண்டு மடங்கு.

2015 நவம்பர்ல கலோபயோஸ் எண்டு ஒரு மருந்துக் கொம்பனி, டெக் இல்லத்தான், ஆனா பாடம் ஒண்டுதான். காசு முடிஞ்சு கடையப் பூட்டுற நிலை, பங்கு 2 டொலர் அளவில கிடந்தது. ஒரு சின்ன ட்ரேடர் இது போய்ச் சேந்திரும் எண்டு ஷோர்ட் அடிச்சு வச்சிருந்தார். சந்தை மூடின பிறகு மார்ட்டின் ஷ்க்ரெலி எண்ட முதலீட்டாளரும் அவற்ற ஆக்களும் பங்குகள அள்ளினது தெரியவர, விலை பல மடங்கு பாய்ஞ்சிட்டுது. கணக்கில இருந்த காசு முழுக்கப் போய், புரோக்கருக்கு ஒரு லட்சம் டொலருக்கு மேல கடன் நிண்டுது அந்தாளுக்கு. அந்த டிசம்பர் முடியிறதுக்குள்ள ஷ்க்ரெலி கைது, கொம்பனி வங்குரோத்து. அந்த ட்ரேடர் நினைச்சதுதான் கடைசியில நடந்தது, ஆனா அதுக்கு முதலே அவற்ற கணக்கு முடிஞ்சு போச்சு. இத நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கனக்குது.

டெக் பக்கம் வந்தா 2017 டிசம்பர்ல ஐஸ் டீ வித்துக்கொண்டிருந்த ஒரு கொம்பனி பேர லோங் ப்ளொக்செயின் (பிட்கொயினுக்குப் பின்னால இருக்கிற தொழில்நுட்பத்தின்ட பேர்) எண்டு மாத்திச்சு, ஒரே நாளில பங்கு கிட்டத்தட்ட மூண்டு மடங்கு. அடுத்த வருசம் நாஸ்டாக் பங்குச் சந்தைப் பட்டியல்ல இருந்து தூக்கிட்டாங்க. பேர் மாத்துறதுக்கு முதல் நாள் ஷோர்ட் அடிச்சவனுக்கும் கொம்பனி பத்தின கணிப்பில பிழையில்ல, ஆனா அடுத்த நாளே நட்டம். சின்னக் கொம்பனியில புழங்குற பங்கே கொஞ்சம், அதில ரிவர்ஸ் ஸ்ப்ளிட் எண்டு பல பங்க ஒண்டாச் சேத்து எண்ணிக்கைய இன்னும் குறைச்சிருவாங்க, பிறகு ஒரு அறிக்கை விட்டாலே போதும், ஷோர்ட் அடிச்ச ஆக்கள் முண்டியடிச்சுத் திருப்பி வாங்குறதே விலைய இன்னும் தூக்கும். அந்த உச்சியில கொம்பனியே புதுப் பங்கு வித்துக் காசு எடுக்கும், அதுக்குப் பிறகுதான் விழும்.

நேரமும் நமக்குச் சாதகமில்ல. கோடையில அங்க சந்தை மூடேக்க இங்க இலங்கையில நடுச்சாமம் தாண்டி 1.30, அதுக்குப் பிறகும் விடிய 5.30 வரைக்கும் ஆஃப்டர் ஹவர்ஸ் எண்டு வாங்கல் விக்கல் ஓடும். விலை ஒரு அளவத் தாண்டினா தானா திருப்பி வாங்கச் சொல்லி வைக்கிற சாதாரண ஸ்டொப் லொஸ் அந்த நேரம் கூடுதலா வேலை செய்யாது, நீங்க எழும்பி ஃபோனப் பாக்கேக்க எல்லாம் முடிஞ்சிருக்கும்.

ஷோர்ட் அடிக்கிறது பாவம் எண்டு நான் சொல்ல வரேல்ல. நிக்கோலா எண்ட ட்ரக் கொம்பனி சரிவான ரோட்டில ட்ரக்க உருட்டிவிட்டு எடுத்த வீடியோவ 2020ல ஹிண்டன்பர்க் எண்ட ஆராய்ச்சி நிறுவனம் வெளிய கொண்டு வந்தது ஷோர்ட் அடிச்சுக்கொண்டுதான், அந்த வேலை சந்தைக்குத் தேவை. ஆனா அவங்களிட்ட ஆள் பலம் இருந்தது, தாக்குப்பிடிக்கக் காசு இருந்தது. வெயில்ல நிண்டு உழைச்ச சம்பளத்தில மிச்சம் பிடிச்ச காசுக்கு அந்தத் தாங்குசக்தி இல்ல.

அப்பிடியும் அடிச்சே தீருவன் எண்டு நிக்கிற ஆக்கள் முதல்ல புரோக்கரிட்டக் கேளுங்க, இண்டைக்கு இரவல் வட்டி எவ்வளவு, பங்கத் திருப்பிக் கேட்டா எத்தின நாள் தருவாங்க, சந்தையில அந்தப் பங்க நிப்பாட்டி வச்சா வட்டி தொடர்ந்து ஓடுமா எண்டு. புட் ஒப்ஷன், அதாவது குறிச்ச விலைக்குப் பங்க விக்கிற உரிமையக் காசு கட்டி வாங்குறது, இருக்குதா எண்டும் பாருங்க, அதில ஆகக்கூடப் போறது கட்டின காசுதான், விலை கொஞ்சம் கூடவா இருந்தாலும் பரவாயில்ல. மச்சான் பாத்த பங்குக்கு ஒப்ஷனே இல்ல.