நான்காவது மெழுகுதிரி

யாங்கூன் (ரங்கூன்), டிசம்பர் 3, 2023, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காத்திருப்புக் காலமான திருவருகைக் காலம் இன்று தொடங்கியது. வாசலில் காகித நட்சத்திரம் ஒன்றைக் கட்டினோம். அதற்கு மேல், கிறிஸ்து பிறப்புக் குடிலைத் தவிர, அலங்காரம் எதுவும் 24ஆம் தேதிக்கு முன் எங்கள் வீட்டில் ஏறுவதில்லை. பித்தளைத் தாம்பாளத்தில் குரோட்டன் இலைகளைப் பரப்பி, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற நான்கு மெழுகுதிரிகளை நிறுத்தினேன். ஊதா நிறத்தில் கிடைக்காததால், சந்தையில் புத்த கோயிலுக்கென்று விற்கும் வெள்ளைத் திரிகளையே வாங்கி, மூன்றுக்கு ஊதா நாடாவும் ஒன்றுக்கு ரோஜா நிற நாடாவும் கட்டினேன். இவ்வாண்டு கிறிஸ்துமஸ் திங்கட்கிழமையில் வருவதால் காத்திருப்பு 22 நாட்களே. இதைவிடக் குறுகிய திருவருகைக் காலம் அமையவே முடியாது. நாட்காட்டியைப் பார்த்த மகள், “நாலாவதுக்கு ஒரு நாள்தானா?” என்று அந்தத் திரிக்காக வருத்தப்பட்டாள்.

டிசம்பர் 8, வெள்ளி

மரியன்னை பாவ மாசின்றி உருவானதைக் கொண்டாடும் அமல உற்பவத் திருவிழா. 1911இல் அர்ச்சிக்கப்பட்ட எங்கள் மரியன்னை பேராலயத்துக்கு இதுவே பெயர்விழா. மாலைப் பூசைக்குப் போய் வந்தோம்.

டிசம்பர் 10, ஞாயிறு

ஆற்றுக்கு அக்கரையிலுள்ள துவாந்தேயிலிருந்து டாலா படகில் வந்த உறவினர் ஒருவர் ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து கொடுத்தார். இது என் மாமியார் இந்த வீட்டில் ஏற்படுத்திய வழக்கம். காலியான தீவனத்தொட்டியைப் பீடத்தருகே வைத்துவிடுவார். அன்றைக்குப் பிறருக்காக ஏதேனும் விட்டுக்கொடுத்தவர், இரவுச் செபமாலை முடிந்ததும் ஒரு வைக்கோலை எடுத்து அதில் இட வேண்டும். என்ன செய்தோம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் வைக்கோலைத் திரும்ப எடுத்துவிடுவார். பாலன் இயேசுவுக்கு மெத்தை தடிக்க வேண்டுமே என்ற கவலை பிள்ளைகளுக்கு உண்டு. எனக்கும் உண்டு என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இந்த வாரத்தில் நான் இட்டது இரண்டே இரண்டு.

டிசம்பர் 17, ஞாயிறு

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறு. சாமியார் ரோஜா நிற உடுப்பில் வந்தார். நாங்களும் ரோஜா நாடாத் திரியை ஏற்றினோம். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரெச்சியோவில் குடில் அமைத்து 800 ஆண்டுகள் நிறைவதைப் பிரசங்கத்தில் நினைவூட்டினார். அந்தக் குடிலில் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் இருந்தன. தீவனத்தொட்டியின் மேல் பூசை நடந்தது. லூக்கா நற்செய்தியில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை என்று என் மகன் வீட்டுக்கு வந்து வாதாடினான். எசாயா நூலின் முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்தைத் திறந்து அவனிடம் கொடுத்தேன்: மாட்டுக்குத் தன் உடைமையாளரைத் தெரிகிறது, கழுதைக்குத் தன் தலைவனின் தொட்டி தெரிகிறது, மக்களுக்குத்தான் தெரியவில்லை என்று அங்கே இருக்கிறது. அவன் படித்துவிட்டு, கழுதையைக் குடிலில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தான்.

டிசம்பர் 20, புதன்

மின்சாரம் முறை வைத்து வருவதால் அதிரச மாவு இடிப்பதும் தையல் மெஷினை ஓட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. புதுத்துணிக்காக நானும் கணவரும் சற்று உரக்கவே பேசிவிட்டோம். இரவில் இருவரும் தொட்டிப் பக்கம் போகவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

காலையில் நான்காவது திரியை ஏற்றினோம். “ஒரு நாள்னா ஒரு நாள், கண்ணு. அது பாட்டுக்கு எரியட்டும்” என்று மாமியார் பேத்தியிடம் சொன்னார்.

நள்ளிரவுப் பூசையை எங்கள் பங்கில் மாலையிலேயே வைத்துவிடுகிறார்கள் என்பதால் எட்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பி, குடிலைச் சுற்றி அமர்ந்தோம். லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வீட்டில் இளையவர் தமிழில் வாசிக்க வேண்டும். பர்மியப் பள்ளியில் படிக்கும் என் மகன் ‘குரேனியு’ என்ற ஆளுநரின் பெயரில் இரண்டு முறை தடுக்கினாலும் யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. பிறகு கரேன் இனக் குடும்பத்திலிருந்து வந்த என் ஓரகத்தி அதே பகுதியைப் பர்மிய மொழியில் வாசித்தாள்.

அதன்பின் மாமியார் துணிப்பையை அவிழ்த்துப் பாலனை எடுத்தார். சுண்ணாம்புச் சாந்தில் வார்த்த, உள்ளங்கையளவுச் சிலை. வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. 1964இல் கடைகள் தேசவுடைமையானபோது அவருடைய அக்கா குடும்பம் சென்னைக்குக் கப்பலேறியது. குடிலைப் பிரிக்க நேர்ந்தபோது மாதாவும் சூசையப்பரும் அவர்களோடு போக, பாலன் இங்கேயே தங்கிவிட்டார். இப்போதுள்ள மாதா இங்கு செய்த களிமண் உருவம், பாலனைவிடச் சின்னவர். பிள்ளைகளுக்கு அது உறுத்தியதே இல்லை.

வைக்கோல் இந்த ஆண்டு குறைவுதான். பாலனின் முதுகு தொட்டியின் பலகையில் படுவதை மகள் கவனித்தாள். என் கணவர் எழுந்து போய் ஒரு வைக்கோலை இட்டார். நானும் ஒன்றை இட்டேன்.

டிசம்பர் 25, திங்கள்

கவுனி அரிசியை வேகவைத்துத் தேங்காயும் சர்க்கரையும் சேர்த்து, அடுத்த வீட்டு பர்மியப் பாட்டிக்கு முதல் கிண்ணத்தை மகள் கையில் கொடுத்தனுப்பினோம். சுவைக்காமலேயே முதல் கிண்ணத்தைக் கொடுப்பதும் மாமியார் வைத்த வழக்கம். அதனால் உப்பு கூடியிருந்ததை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். கிண்ணம் கழுவித் துடைக்கப்பட்டு, நான்கு வாழைப்பழங்களோடு மாலையில் திரும்பி வந்தது.

மற்ற மூன்று திரிகளும் படிப்படியாகக் குட்டையாகியிருக்க, நான்காவது ஏறக்குறைய முழுதாகவே நிற்கிறது. இன்று இரவுச் செபத்துக்கு அதை மட்டும் ஏற்றச் சொல்லி மகள் கேட்டாள். ஏற்றினோம்.