பன்னிரண்டு மணி நேர வேலை, பதினொரு மணி நேரச் சம்பளம்

நாகர்கோவிலில் நர்சிங் முடித்துவிட்டு 2022 கடைசியில் இங்கிலாந்து வந்தேன். நர்ஸாக அல்ல, முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிப் பார்த்துக்கொள்ளும் கேரராக. அந்த வருடம் பிப்ரவரியில்தான் கேரர் வேலைக்கும் விசா கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். லீட்ஸ் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். அம்மா ஊரில் எல்லோரிடமும் 'ஆஸ்பத்திரி வேலை' என்றே சொல்லி வைத்திருந்தாள். நானும் திருத்தவில்லை.

எங்கள் மாடியில் பெரும்பாலும் டிமென்ஷியாக்காரர்கள், நினைவு தப்பியவர்கள். எட்டாம் அறைப் பாட்டிக்கு ஊட்டினால் துப்பிவிடுவார். ஸ்பூனை அவர் கையிலேயே கொடுத்து, கீழிருந்து நம் கையால் தாங்கிக்கொண்டால் முழுக்கிண்ணமும் காலியாகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு வெள்ளைக்காரப் பெண். நாலு வருடம் படித்த படிப்பில் இது இல்லை.

ஷிப்ட் காலை ஏழரையிலிருந்து இரவு ஏழரை வரை. சம்பளச் சீட்டிலோ பதினொரு மணி நேரம்தான். நடுவில் ஒரு மணி நேர இடைவேளைக்குச் சம்பளம் கிடையாது. சரி, அது சட்டப்படி செல்லும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மணி அடித்தால், டீயை வைத்துவிட்டு ஓடியாக வேண்டும். ஹோயிஸ்ட் என்ற தூக்கும் இயந்திரத்தில் ஆளைத் தூக்க இரண்டு பேர் வேண்டுமே.

அப்புறம் ஹேண்ட்ஓவர். யார் இரவு தூங்கவில்லை, யாருக்குப் புண் வந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ள ஏழே காலுக்கே வந்துவிட வேண்டும். அந்தக் கால் மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராது. வாரம் நாலு ஷிப்ட் என்றால் ஒரு மணி நேரம் ஓசி. 2024 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. எனக்குக் கொடுத்ததும் அதே 11.44. விடுமுறை போக வருடத்துக்கு 48 வாரம் வைத்தால் கிட்டத்தட்ட 550 பவுண்டு, என் ஒரு மாத அறை வாடகைக்கும் மேல். குறைந்தபட்சக் கூலி மட்டுமே வாங்குகிறவளிடம் கூலியில்லாமல் கால் மணி நேரம் வேலை வாங்குவது சட்டப்படி தப்பு என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

தெரிந்த பிறகும் கேட்கவில்லை. வேலை போய், விசாவை ரத்து செய்யும் கடிதமும் வந்துவிட்டால், வேறு முதலாளியைத் தேட வழக்கமாக 60 நாள்தான். நாத்தனாரிடம் வாங்கிய கடன் வேறு. அம்மாவிடம் புலம்பினால், "ஒரு நாளைக்குப் பதிமூவாயிரமா மக்ளே?" என்று ரூபாயில் வியந்து என் வாயை அடைத்துவிடுவாள்.

இன்னொரு இல்லத்தில் இருக்கும் தோழிக்கு ராத்தங்கல் உண்டு. அங்கேயே படுத்திருக்க வேண்டும், கூப்பிட்டால் எழ வேண்டும். படுத்திருக்கும் நேரத்துக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி தர வேண்டியதில்லை என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வேலைக்காக விழித்திருந்த நேரத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. அந்நியர் வீட்டுக் கட்டிலில், கதவில் காதை வைத்துக்கொண்டு யாராவது தூங்கியிருக்கிறார்களா, தெரியவில்லை.

எல்லாம் முதலாளியின் பேராசை என்றும் நான் சொல்லமாட்டேன். காசில்லாத முதியவர்களுக்காகக் கவுன்சில், அதாவது உள்ளாட்சி, கொடுக்கும் கட்டணம் குறைவு. சொந்தக் காசில் இருப்பவர்களிடம் சராசரியாக 41 சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் 2017-லேயே சொன்னது. அடுத்தடுத்த அறை, ஒரே கஞ்சி, இரண்டு விலை. எந்த விலை வந்தாலும் எங்களுக்கு அதே 11.44.

என்னை அதிகம் உறுத்தியது என் சம்பளமல்ல. எங்கள் சீனியருக்குப் பதினேழு வருட அனுபவம். மாத்திரை கொடுப்பது, குடும்பத்தாரிடம் சாவைச் சொல்வது எல்லாம் அவர்தான். எங்களைவிட மணிக்கு முப்பது காசு (பென்ஸ்) அதிகம். அவ்வளவுதான்.

ஸ்பூன் வித்தை கற்றுக்கொடுத்த பெண் 2024 வசந்தத்தில் ஆல்டி சூப்பர்மார்க்கெட்டில் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே அப்போது மணிக்கு 12 பவுண்டு, இடைவேளைக்கும் சம்பளம். அவளுக்கு விசாத் தொல்லை இல்லை, போனாள்.

ஒரு நாள் பால் வாங்கப் போனபோது கல்லாவில் அவள்தான். பாலை ஸ்கேன் செய்துகொண்டே, "எட்டாம் அறை சாப்பிடுகிறாரா?" என்று கேட்டாள்.

கஞ்சி மட்டும், என்றேன்.

"ஸ்பூனை வலது கையில் கொடு. இடது கையில் கொடுத்தால் கோபம் வரும்," என்றாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது.