பழைய சீட்டுக்குப் பக்கத்தில்

ஹெர்பேரியத்தில், அதாவது உலர்தாவரத் தொகுப்பகத்தில், வேலைக்குச் சேருபவருக்கு முதலில் சொல்லித்தரப்படும் விதி ஒன்று உண்டு: தாளில் ஒட்டியிருக்கும் எந்தச் சீட்டையும் பிய்க்கக் கூடாது. உலர்த்திய செடி தாளின் நடுவில் இருக்கும். கீழ் மூலையில் சேகரித்தவரின் சீட்டு: எங்கே, எப்போது கிடைத்தது, மரமா புதரா, பூ என்ன நிறம். அதற்கு மேலே, பின்னால் வந்த ஒவ்வொரு ஆய்வாளரும் ‘இது இன்ன இனம்’ என்று தன் பெயரும் ஆண்டும் போட்டு ஒட்டிய சின்னச் சின்னச் சீட்டுகள். முன்னவர் சொன்னது தவறு என்று உறுதியாகத் தெரிந்தாலும் அதை அடிக்கக் கூடாது, அதன் மேலேயே ஒட்டவும் கூடாது. பக்கத்தில் இடம் பார்த்து நம் சீட்டை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பல வருடங்களாக இதை ஒரு பழக்கமாகவே செய்துகொண்டிருந்தேன். எங்கள் தொகுப்பு இருக்கும் பழைய கட்டடத்தில் பழுதுபார்ப்பு வேலை தொடங்கியபோதுதான், அதே விதி சுவருக்கும் உண்டு என்று புரிந்தது.

தாளிலிருந்தே தொடங்குகிறேன். கருவேலமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் அதற்கு மிமோசா நைலோட்டிகா என்று பெயர் வைத்தார். 1813-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் டெலீல் வெளியிட்ட நூலில் அது அகேசியா நைலோட்டிகா ஆனது. இப்போது வச்செல்லியா நைலோட்டிகா. பெயரின் முதல் சொல்லான பேரினம் இரண்டு முறை மாறியும், முழுப்பெயரை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் ‘எல்’ என்ற ஒற்றை எழுத்து நின்றுகொண்டே இருக்கிறது. அது லின்னேயஸ். முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள்ளும், கடைசியாக இடம் மாற்றியவர் அதற்கு வெளியிலும் நிற்க வேண்டும் என்பது தாவரப் பெயரிடலின் சட்டம். நடுவில் வந்த டெலீலின் பெயர் புதுப் பெயரிலிருந்து விழுந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்துத் தாள்களில் அகேசியா என்ற சீட்டு அப்படியே ஒட்டியிருக்கிறது. சட்டம் சுருக்கிவிட்ட வரலாற்றைத் தாள்தான் முழுதாக வைத்திருக்கிறது. சீட்டைப் பிய்க்காதே என்ற விதியை இதனால்தான் நான் உயிராக மதிக்கிறேன்.

“சும்மா சும்மா பெயரை மாற்றுகிறீர்களே” என்று பலர் சலித்துக்கொள்வது உண்டு. மாற்றம் எதுவும் சும்மா வருவதில்லை. ஒவ்வொரு இனப் பெயரும் ஏதோ ஒரு தாளில் உள்ள ஒரு செடியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதுதான் மூல மாதிரி. சிவப்பு உறைக்குள் தனியாக வைத்திருப்போம். பேரினத்துக்கும் அப்படி ஓர் ஆதார இனம் உண்டு. மரபணு ஆய்வுகள் அகேசியா என்பது ஒரே குடும்பக் கிளை இல்லை என்று காட்டியபோது, பிரிந்துபோகும் கிளைகளில் எதற்கு அந்தப் பெயர் என்ற கேள்வி எழுந்தது. சட்டப்படி பார்த்தால் ஆதார இனமான கருவேலத்தின் பக்கம்தான் பெயர் போயிருக்க வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கு நெருக்கமான இனங்கள் அந்தப் பெயரில் இருந்தன. 2005-இல் வியன்னாவில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில் ஆதார இனத்தையே ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்கு மாற்றினார்கள். 2011-இல் மெல்போர்னில் அது உறுதியானது. ஆப்பிரிக்க, ஆசிய மரங்கள் வேறு பெயர் பெற்றன. அந்த முடிவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இருந்தாலும் அதை எதிர்த்தவர்களின் வாதங்களும் அச்சில் இருக்கின்றன, பழைய பெயர்களும் தாள்களில் இருக்கின்றன. நாளைக்கு யாராவது திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் வழி திறந்தே இருக்கிறது.

சரி, சுவருக்கு வருவோம். எங்கள் கட்டடம் சரக்குக் கிடங்காகக் கட்டப்பட்டது. கனமான செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. வெளியே வெயில் ஏறி இறங்கினாலும் உள்ளே வெப்பம் அவ்வளவாக மாறாது. உலர்ந்த செடிகளுக்கு அதைவிட நல்ல வீடு கிடைப்பது கடினம். இடையில் ஒரு காலத்தில் யாரோ சுவர்களுக்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதிலிருந்து ஓதம். பூச்சுக்குப் பின்னால் உப்புப் பூத்து, தட்டினால் ‘டொப் டொப்’ என்று சத்தம் கேட்கும். ஓதம் என்றால் எங்களுக்குப் பூஞ்சணம், பூஞ்சணத்தோடு பூச்சி.

பூச்சை எடுத்துப் பார்த்தபோது செங்கல்களின் முகம் பொடிந்து உள்வாங்கியிருந்தது. நடுவில் சிமெண்ட் வைத்த இணைப்புகள் மட்டும் வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. மேஸ்திரி அதைத் தடவிக் காட்டிச் சொன்னார்: “செங்கலைவிடச் சாந்து கெட்டியா இருந்தா, தேயுறது செங்கலாத்தான் சார் இருக்கும்.” சுவருக்குள் போகும் ஈரம் எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, நுண்துளைகள் கொண்டது. ஈரம் அதன் வழியாக வெளியேறும், கூடவே உப்பும் சாந்திலேயே படியும், தேய்ந்தால் சாந்துதான் தேயும். சாந்தை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் செங்கல் வழியாக வரும், உப்பு அதற்குள்ளேயே படிகமாகி முகத்தை உடைக்கும். போன செங்கல் போனதுதான்.

இதைக் கேட்டதும் எங்கள் மேசைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. செடியைத் தாளில் இருத்த மெல்லிய துணிப்பட்டைகளும் நூலும் பயன்படுத்துவோம். பழைய தாள்கள் சிலவற்றில் இலை முழுவதையும் கெட்டிப் பசையால் அப்பியிருப்பார்கள். பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் இலையின் அடிப்பக்கத்து ரோமத்தைப் பார்க்காமல் இனம் பிரிக்க முடியாத செடிகள் எத்தனையோ இருக்கின்றன. தாள் சுருங்கி விரியும்போது பட்டை போட்ட செடி சற்றே நகர்ந்துகொள்ளும். பசையில் மாட்டிய செடி ஒடியும். தாங்கிப் பிடிக்கும் பொருள் தாங்கப்படுவதைவிட வலுவாக இருக்கக் கூடாது என்பது இரண்டு வேலைக்கும் ஒன்றுதான்.

ஏதென்ஸில் உள்ள பார்த்தினன் கோயிலில் இது பெரிய அளவில் நடந்தது. பழைய கிரேக்கக் கல்தச்சர்கள் பளிங்குக் கற்களை இணைத்த இரும்புப் பிடிகளைச் சுற்றி ஈயம் ஊற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலனோஸ் என்ற பொறியாளர் அதைச் சீரமைத்தபோது ஈயக் காப்பு இல்லாத இரும்பை வைத்தார். அது துருவேறிப் பருத்து, இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய பளிங்கைப் பிளந்தது. இப்போது அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பழுதுபார்ப்பு ரோமில் உள்ள டைட்டஸ் வளைவு, பழைய ரோமப் பேரரசர் ஒருவரின் நினைவு வளைவு. இடைக்காலத்தில் ஒரு பிரபுக் குடும்பம் அந்த வளைவைத் தங்கள் கோட்டைச் சுவரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டது. அந்தச் சுவர்கள்தான் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. பின்னாளில் அவற்றை இடித்ததும் வளைவு ஆட்டம் கண்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலாதியே என்ற கட்டடக் கலைஞர் அதைக் கழற்றி மறுபடி நிறுத்தினார். போன இடங்களைப் பளிங்கால் நிரப்பாமல் டிராவர்டைன் என்ற வேறு கல்லை வைத்தார், நுட்பமான செதுக்கல் எதுவும் இல்லாமல். தூரத்திலிருந்து பார்த்தால் முழு வளைவு. பக்கத்தில் போனால் எது பழையது, எது வலாதியேவுடையது என்று யாரும் சொல்லிவிடலாம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்க 1964-இல் வந்த வெனிஸ் சாசனம் பிறகு இதையேதான் விதியாக்கியது: புதிதாகச் சேர்ப்பது மொத்தத்தோடு இசைய வேண்டும், ஆனால் பழையது போல ஏமாற்றக் கூடாது, ஊகம் தொடங்கும் இடத்தில் வேலை நிற்க வேண்டும், எல்லாக் காலத்தவர் சேர்த்ததற்கும் மதிப்புத் தர வேண்டும்.

அந்தக் கடைசி விதியில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. கிடங்குக் காலத்து ஜன்னல்கள் சிலவற்றைப் பிற்காலத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். திறந்துவிட்டால் கட்டடம் ‘ஆரம்பத்தில் இருந்த மாதிரி’ ஆகிவிடும் என்றார் கட்டடக் கலைஞர். வெளிச்சம் பட்டால் செடிகள் நிறம் போய் நொறுங்கும் என்பது என் முதல் கவலை. அதையும் தாண்டி, கிடங்காக இருந்த காலம் மட்டும் ஏன் அசல்? அடைத்தவர்களுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அடைப்பு அப்படியே இருக்கிறது. அந்த இடத்துப் பூச்சு மட்டும் ஒரு விரல் கனம் உள்வாங்கியிருக்கிறது. ஜன்னலின் உருவம் தெரியும், வெயில் வராது.

அப்புறம், சுவர்களுக்கு ஒரு பதிவேடு திறந்தோம். எந்தச் சுவர், பூசும் முன் எப்படி இருந்தது, சுண்ணாம்பும் மணலும் என்ன விகிதம், எந்த மாதம், யார் பூசியது. முதலில் ஒப்பந்தக்காரர் பெயர் மட்டும்தான் இருந்தது. சேகரித்தவர் பெயர் இல்லாத தாளுக்கு எங்கள் அறையில் பாதி மதிப்புதான் என்று சொல்லி, மேஸ்திரி, கொத்தனார்கள் பெயர்களையும் எழுத வைத்தேன். வடக்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் சிமெண்ட் இன்னும் இருக்கிறது. உளி வைத்தால் செங்கலும் சேர்ந்து பெயர்ந்து வருவதால் இப்போதைக்கு அதைத் தொடவில்லை. அதற்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஏன் விட்டுவைத்தோம் என்ற காரணத்தை எழுதி, அடுத்து வருபவர் எழுத மீதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.